கடையில வெள்ளை, மாடியில நீலம்

நகை நன்றாக இருக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால் அக்காவுக்கு முகம் தொங்கிப்போகும். இத்தனைக்கும் அவர் விற்பது நகைதான். கவரிங் வளையல், கண்ணாடிக்கல் தோடு, பாசிமாலை. கூடவே கைக்கடிகாரப் பட்டை, மூக்குக்கண்ணாடி ஃப்ரேம், ஸ்கார்ஃப், தலைக்குக் குத்தும் கிளிப். வேறு கடைக்காரராக இருந்தால் அந்தப் பாராட்டுக்குப் பல்லெல்லாம் தெரியச் சிரித்திருப்பார். அக்கா மட்டும், "அப்ப தோத்துட்டேன்" என்பார்.

அவருடைய பரீட்சைக்கு ஒரே கேள்விதான். தோடு போட்டுக்கொண்டு போனவளிடம் "தோடு எங்க வாங்கினே?" என்று கேட்டால் ஃபெயில். "என்ன, நல்லா தூங்கினியா? முகம் தெளிவா இருக்கே" என்று கேட்டால் பாஸ்.

"பாக்குறவங்களுக்கு முகம்தான் தெரியணும். தோடு வேலை பாக்குறது அந்தத் தோட்டுக்கே தெரியக் கூடாது" என்பார்.

அக்கா வீட்டின் மொட்டை மாடி அறையில் நான் மூன்று வருடம் குடியிருந்தேன், கல்லூரியில் படிப்பதாக ஊருக்குச் சொல்லிக்கொண்டு. கீழே முன்பக்கம் கடை. கடைக்குப் பின்னால் ஒரு அறை, ஒரு சமையலறை. அங்கிருந்து இருபத்திரண்டு படி ஏறினால் நான், தண்ணீர்த் தொட்டி, துணி காயும் கொடி. அக்காவின் வீட்டுக்காரர் பெயின்டர். அவருடைய சட்டையைப் பார்த்தால் அந்த வருடம் ஊரில் எந்தெந்த வீட்டுக்கு என்ன வண்ணம் அடித்தார்கள் என்று சொல்லிவிடலாம். அவருடைய தங்கை, நாற்பத்தொரு வயது, பேருந்தில் கண்டக்டர். இந்த மூன்று பேர்தான் குடும்பம்.

கடை வடக்குப் பார்த்தது. அதற்காகவே மூன்று கடைகளை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இதைப் பிடித்தாராம் அக்கா. "வெயில் உள்ள வரக் கூடாது, வெளிச்சம் மட்டும் வரணும். வெயில் பொய் சொல்லும். ட்யூப்லைட்டு சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்லும்."

வாசலை ஒட்டி ஒரு முக்காலி. வருகிறவரை அதில் உட்கார வைத்து, கழுத்தைச் சுற்றித் தோளில் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்துவார். உடுத்தியிருக்கும் துணியின் நிறம் முகத்தில் ஏறி ஏமாற்றிவிடக் கூடாதாம். காதின் பின்பக்கத்தைப் பார்ப்பார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பார். பிறகு மிட்டாய் சுற்றி வந்த தங்கத்தாள் ஒன்று, வெள்ளித்தாள் ஒன்று. இரண்டையும் மாற்றி மாற்றித் தாடைக்குக் கீழே பிடிப்பார். எந்தத் தாளுக்குக் கண்ணுக்கடியில் இருக்கும் கருப்பு குறைகிறதோ அதுதான் அந்த ஆளின் கட்சி. தங்கக்கட்சி, வெள்ளிக்கட்சி. தெருவில் எல்லாருக்கும் தங்கள் கட்சி தெரியும். தேர்தல் கிடையாது, கட்சி தாவல் கிடையாது. நான் பார்த்ததில் நாணயமாக நடந்த ஒரே அரசியல் அதுதான்.

நான் குடிவந்த முதல் வாரத்திலேயே, "நீ வெள்ளிக்கட்சி தம்பி. அந்தப் பிரவுன் பட்டையக் கழட்டு" என்று கறுப்புப் பட்டை மாட்டிவிட்டார். மறுநாள் வகுப்பில் பேராசிரியர் என்னைப் பார்த்து, "இன்னிக்கு முழிச்சிருக்கியா?" என்றார். நான் வழக்கம்போல் தூங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

ஆனால் அக்காவின் மிகப் பெரிய வெற்றி கண்டக்டர்தான். நல்ல கறுப்பு அவர். சிறு வயதிலிருந்து கடைக்குக் கடை, "உங்க கலருக்கு எதுவும் எடுக்காதும்மா" என்று கேட்டுக் கேட்டு, நகைக் கடை இருக்கும் தெருவில் பேருந்து நின்றாலே வேகமாக விசில் அடித்துவிடுவாராம். அக்கா கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் வந்த முதல் நாள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்த வீட்லயே நல்ல கலர் உனக்குத்தான்டீ" என்றிருக்கிறார். வந்த அன்றைக்கே அண்ணி கிண்டல் செய்கிறாள் என்று கண்டக்டர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அக்கா அவர் காதில் மங்கலான வெள்ளி வளையம் இரண்டை மாட்டி டூட்டிக்கு அனுப்பினார். அன்று மட்டும் நான்கு பயணிகள், "லீவுல போய் ரெஸ்ட் எடுத்துட்டு வந்தீங்களா?" என்று கேட்டார்களாம். அதிலிருந்து ஒரு ஹேர்பின் வாங்குவதென்றாலும் அண்ணி கை காட்டியதைத்தான் வாங்குவார்.

அந்தக் கண்டக்டருக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை ஒரு கடிகார ரிப்பேர்க்காரர். பதினோரு வருடமாகக் கண்டக்டருடைய பேருந்தில் வலப்பக்கம் மூன்றாவது இருக்கை. சில்லறையைச் சரியாகக் கொடுத்த ஒரே பயணி. அந்தப் பதினோரு வருடத்தில் அவர் பேசிய மொத்தப் பேச்சும், "கடைசி ஸ்டாப்பு ஒண்ணு", "உங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னா" என்ற இரண்டு வாக்கியங்கள்தான் என்று கண்டக்டர் சொல்வார். திங்கட்கிழமை பதிவு அலுவலகத்தில் கையெழுத்து என்று முடிவாயிற்று.

இந்த நல்ல நேரத்தில்தான் அக்காவின் கண் பழுதானது.

முதலில் ஒரு பள்ளி ஆசிரியை. அக்கா அவருக்குத் தங்கநிறத் தோடு எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்குப் போனதும் அவர் கணவர் நெற்றியில் கை வைத்து, "காய்ச்சலா?" என்று கேட்டாராம். அடுத்து வங்கி குமாஸ்தா ஒருவர். தங்க ஃப்ரேம் கண்ணாடி போட்டுக்கொண்டு போனதற்கு, கேட்காமலே மருத்துவ விடுப்பு கொடுத்து அனுப்பினார் மேலாளர். குமாஸ்தா கோபித்துக்கொள்ளவில்லை, இன்னொரு ஃப்ரேம் கேட்டு வந்தார். ஒரு நாள் என்னையும் பார்த்து நெற்றியைச் சுருக்கி, "உன்னைத் தப்பாக் கணிச்சிட்டேன் தம்பி, நீ தங்கக்கட்சி" என்று மறுபடியும் பிரவுன் பட்டையை மாட்டிவிட்டார். வகுப்பில் மூன்று பேர் மஞ்சள் காமாலைக்கு மருந்து சொன்னார்கள்.

இரண்டு மாதத்தில் தெருவே தங்கக்கட்சியில் சேர்ந்துவிட்டது. எதிர்க்கட்சியே இல்லை. ஒரு கட்சி ஆட்சி நடந்தால் மக்கள் முகம் எப்படி இருக்கும் என்று நான் அப்போது நேரில் பார்த்தேன்.

திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள் சண்டை போட்டிருந்தால்கூட அக்கா தாங்கியிருப்பார். எல்லாரும் மரியாதையாக வந்தார்கள். "பரவாயில்லக்கா, உங்களுக்கும் வயசாகுதில்ல" என்றார்கள். அவருக்கு நாற்பத்தாறு வயதுதான்.

கண் மருத்துவரிடம் போனார். அவர் எழுத்துப் பலகையைக் காட்ட, கடைசி வரியையும் படித்து, அதற்குக் கீழே பலகை அச்சடித்தவன் பெயரையும் படித்தார் அக்கா. கலர் புள்ளிப் படங்களில் இருந்த எண்கள் அத்தனையையும் சொன்னார். "என் கண்ணைவிட உங்க கண்ணு நல்லா இருக்கும்மா" என்று மருத்துவர் அனுப்பிவிட்டார்.

அதுதான் அக்காவை உட்கார வைத்துவிட்டது. "கண்ணுல கோளாறுன்னா ஆபரேஷன் பண்ணிக்கலாம். கண்ணு நல்லா இருக்குன்னா அப்ப கோளாறு எனக்குத்தானே?"

முக்காலியை எடுத்து உள்ளே போட்டார். வந்தவர்களிடம், "எது பிடிக்குதோ நீங்களே எடுத்துக்குங்க" என்றார். இருபது வருடத்தில் அந்தக் கடையில் யாரும் தனக்குப் பிடித்ததை எடுத்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் ஜனங்கள் ஆளுக்கொரு சீப்பு வாங்கிக்கொண்டு போனார்கள்.

சனிக்கிழமை மதியம். மூன்று வாரமாக மேகம் என்று ஒன்று கண்ணில் படவில்லை. வெயிலில் சாலைத் தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுத்தது. டூட்டி முடிந்து வந்த கண்டக்டர், தோளில் மாட்டிய பையோடு நேராகக் கடைக்குள் வந்தார். நான் வாடகை விஷயமாகக் கொஞ்சம் அவகாசம் கேட்கும் முகத்தோடு நின்றிருந்தேன்.

"அண்ணி, நாளன்னிக்குக் கையெழுத்து. கழுத்துக்கு, காதுக்கு எடுத்துக் குடு."

"அதான் ரெண்டு வாரம் முன்னாடியே எடுத்து வச்சேனே. தங்கக் கலர்ல, தேன் கல்லு வச்சது."

கண்டக்டர் பையின் வாரை ஒரு முறை இழுத்துவிட்டுக்கொண்டார். "அதை ஒரு நாள் டூட்டிக்குப் போட்டுப் பாத்தேன்."

"என்ன சொன்னாங்க?"

"நல்லா இருக்குன்னாங்க."

"பொய் சொல்லாத."

"...டிரைவரு, டபுள் டூட்டியான்னு கேட்டாரு. ஒரு அம்மா எந்திரிச்சு எனக்கு சீட்டு குடுத்துச்சு. கண்டக்டருக்கு சீட்டு குடுத்து நீ பாத்திருக்கியா?"

அக்கா வளையல் அட்டையை எடுத்தார், திரும்ப வைத்தார்.

"தெரிஞ்சும் ஏன்டீ சொல்லல?"

"நீ எடுத்ததாச்சே. திங்கக்கிழமை அதைத்தான் போட்டுட்டுப் போயிருப்பேன். நீ முக்காலியத் தூக்கி உள்ள போட்டதாலதான் இப்பக் கேக்குறேன். மறுபடியும் எடு."

"பெரிய கடைத்தெருல போய் வேற யாராவது..."

"வேற யாராவது என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும். உங்க கலருக்கு எதுவும் எடுக்காதும்மான்னுவாங்க. நீ எடு. இல்லன்னா இந்தக் காக்கிச் சட்டையோட, இந்தப் பையோட வந்து கையெழுத்துப் போடுவேன். மாப்பிள்ளை பயந்துபோய் டிக்கெட் கேப்பாரு."

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. "எனக்குப் பயமா இருக்குடீ" என்றார். "வாழ்க்கைல ஒரே ஒரு நாளு உன்னைப் போட்டோ எடுப்பாங்க. அதுல என் தப்பு காலத்துக்கும் உன் கழுத்துல தொங்கணுமா?"

கண்டக்டர் கோபத்தோடு மாடிக்குப் போனார், ஈரச் சீருடை ஒன்றைக் காயப்போட. படிகளை எண்ணி மிதிப்பதுபோல் ஒவ்வொன்றிலும் சத்தம். அக்கா முகத்தோடு தனியாக இருக்கத் தைரியமில்லாமல் நானும் பின்னாலேயே போனேன்.

கொடியில் இடமில்லை. நடுவில் ஒரு துணி காய்ந்துகொண்டிருந்தது.

"இந்த நீலத்துணி யாருதுடா?"

"எனக்குத் தெரியாதுக்கா. ரொம்ப நாளா காயுது."

கண்டக்டர் கைப்பிடிச் சுவரில் குனிந்து, ஓடும் பேருந்தில் கடைசி இருக்கைக்குக் கேட்கும் குரலில், "அண்ணி! இந்த நீலத்துணியத் தள்ளிப் போடலாமா?"

கீழிருந்து பதில் வந்தது. "நீலத்துணி ஏதுடீ? அது கடை வெள்ளைத்துணி!"

"வெள்ளையா? வானத்தக் கிழிச்சுக் காயப்போட்ட மாதிரி இருக்கு!"

அக்கா படியேறி வந்தார். துணியைப் பார்த்தார். நின்றார். விரலால் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார், நிறம் கையில் ஒட்டுமா என்பதுபோல. பிறகு கொடியிலிருந்து உருவிக்கொண்டு மடமடவென்று கீழே இறங்கினார். நாங்களும் ஓடினோம். கடை வாசலில் துணியை விரித்துப் பிடித்தார்.

வெள்ளை. பாலில் நனைத்து எடுத்த மாதிரி.

மேலே ஓடினார். நீலம். கீழே வந்தார். வெள்ளை. அப்போதுதான் வேலையிலிருந்து வந்து தேநீர்க் கிளாசோடு வாசலில் நின்ற பெயின்டர், "என்ன, மாடிப்படிய அளக்குறீங்களா?" என்றார்.

"ஏங்க, இதை நீங்கதானே தினம் காயப்போடுறீங்க? மாடில நீலமாத் தெரியலையா?"

"தெரிஞ்சுது."

"ஏன் சொல்லல?"

"நீ வெள்ளைத்துணின்னு சொல்லிக் குடுத்தே." பெயின்டர் ஒரு வாய் குடித்தார். "கலரு விஷயத்துல உன் கண்ணுக்கு மேல எனக்கு என்னடி பேச்சு?"

கண்டக்டருக்கு இது தன் துறை என்று பட்டுவிட்டது. "இருங்க. ரெண்டு ஸ்டாப்புக்கு நடுவுல ஆளு மாறுது. மாடில ஏறுனப்ப நீலம், கடைல இறங்குனா வெள்ளை. அண்ணிக்கு மட்டும் இல்ல, எனக்கும் அப்படித்தான். தம்பி, உனக்கு?"

"எனக்கும்தான்."

"அப்ப கண்ணு மாறல. ஸ்டாப்புதான் சரியில்ல."

அக்கா மெதுவாகச் சொன்னார். "ரெண்டு மாசமா இந்தத் துணி பழுப்பேறிட்டே வந்துச்சு. சோப்பை மாத்தினேன், போகல. சொட்டு நீலம் போட்டேன். கடைக்கு வந்து விரிச்சுப் பாப்பேன், இன்னும் கொஞ்சம் மஞ்சளா இருக்கும். மறுநாள் இன்னொரு சொட்டு. அப்படியே ஏத்தி ஏத்தி, போன வாரம்தான் சுத்த வெள்ளையா வந்துச்சு."

சொல்லிக்கொண்டே தன் உள்ளங்கையை வாசலுக்கு வெளியே நீட்டினார். கடை உள்பக்கம் திருப்பினார். வெளிப்பக்கம் திருப்பினார். பிறகு நிமிர்ந்து எதிரே பார்த்தார். கண்டக்டர் பார்த்தார். நான் பார்த்தேன்.

எதிரே பல் டாக்டரின் கட்டடம். இரண்டு மாடி உயரத்துக்கு ஒரே சுவர். தெற்குப் பார்த்த சுவர், காலை முதல் மாலை வரை முழு வெயிலும் அதன் மேல் பட்டுத்தான் கடைக்குள் வெளிச்சமாக வரும். முன்பு அழுக்கு வெள்ளையாக இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன், பல்வலியோடு பேருந்தில் போகிறவனுக்கும் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்று டாக்டர் கேட்டுக்கொண்டதற்கிணங்க, மூன்று டின்களை ஒன்றாகக் கலந்து, வாழ்நாளில் அதுவரை யாரும் அடித்திராத ஒரு மஞ்சளை அடித்திருந்தார் நம் பெயின்டர். அதைப் பார்த்தபடிதான் தினமும் தேநீர் குடிப்பார்.

கிளாஸ் பாதி வழியில் நின்றது. "ஏன் எல்லாரும் என் செவுத்தைப் பாக்குறீங்க?"

அவரே துணியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

எனக்கு அப்போது தோன்றியதை இப்போதும் சொல்வேன். கண் போய்விட்டது என்று இரண்டு மாதம் அழாத குறையாக இருந்த பெண், அந்த நேரமெல்லாம் ஒரு வாளித் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக நீலம் விட்டு, எதிர்ச்சுவரின் மஞ்சளுக்குச் சரியான பதிலைக் கண்டுபிடித்திருக்கிறார். ஒரு சொட்டு கூடியிருந்தால் துணி கடையிலும் நீலம் அடித்திருக்கும். கூடவில்லை. எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் அதைக் கண்டுபிடிக்க இயந்திரம் இருக்கிறது, அதுவும் பழுது.

பெயின்டர் அப்போதே எதிர்ப்பக்கம் போனார். நாங்களும் போனோம். "டாக்டர், சும்மாவே வெள்ளை அடிச்சுத் தர்றேன்" என்றார்.

"ஐயையோ, வேணாம்!" டாக்டர் கையுறையோடு எழுந்துவிட்டார். "இந்தக் கலரு அடிச்சதுலேருந்து எனக்குக் கூட்டம் மூணு மடங்கு. எல்லாம் பல்லை வெள்ளையாக்கணும்னு வர்றவங்க. என்ன ராசியோ தெரியல."

"ராசி இல்ல சார்" என்றார் அக்கா. "என் கடைல தோடு போட்டுப் பாக்குறவங்க, கண்ணாடியப் பாத்துச் சிரிப்பாங்கல்ல?"

டாக்டர் ஜன்னல் வழியே அக்காவின் கடைக் கண்ணாடியைப் பார்த்தார். சுவர் இருக்கும் திசையைப் பார்த்தார். நேர்மையான மனிதர்தான், முகம் கொஞ்சம் சிவந்தது. இருந்தாலும், "அடிக்கிறதா இருந்தா இதே கலர்ல இன்னொரு கோட்டு அடிங்க" என்றார்.

அக்கா சிரித்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல்முறை. சாலையைக் கடக்கும்போதும் நிறுத்தவில்லை. பெயின்டர் மட்டும் சிரிக்காமல், "உன்னை நான்தான் கெடுத்துட்டேன்" என்றார்.

"செவுரு நல்லாத்தாங்க இருக்கு. பாக்குறவங்க எல்லாரும் செவுத்தைத்தான் பாக்குறாங்க. அதான் அதோட தப்பு" என்றார் அக்கா.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு முக்காலி மாடிக்கு வந்தது. நகைப் பெட்டிகள் வந்தன. சுவர்க் கண்ணாடியைப் பெயின்டர் சுமந்து வந்து தொட்டியில் சாய்த்து வைத்துவிட்டு, தன் சட்டைக்கு இஸ்திரி போடக் கீழே போய்விட்டார். வெயில் இன்னும் ஏறவில்லை. நாலு பக்கமும் வானம், பக்கத்தில் எந்தச் சுவரும் இல்லை. நீலத்துணி உதவாது என்பதால் என் தலையணை உறையைக் கண்டக்டரின் தோளில் அக்கா போர்த்தினார். எனக்கு இருந்த ஒரே வெள்ளைச் சொத்து.

அக்கா தங்கத்தாளைப் பிடித்தார். வெள்ளித்தாளைப் பிடித்தார். மறுபடியும் தங்கம். மறுபடியும் வெள்ளி. இரண்டையும் கீழே இறக்கினார்.

"கட்சி மாறலடீ."

"நான் எப்ப மாறினேன்?"

"வாய மூடிட்டு நிமிரு."

முத்துமாலையை வைத்துப் பார்த்தார். "முத்து தனியா நிக்குது, நீ தனியா நிக்குற." எடுத்துவிட்டார். பளபளக்கும் வெள்ளைக்கல். "இது உன்னைப் பேச விடாது." அதையும் எடுத்தார். உள்ளங்கையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். "இங்க பாரு தம்பி, இந்தக் கறுப்புக்குள்ள நீலம் ஓடுது. நாவப்பழத்தோல்ல ஓடுமே, அது. இதுக்குப் பக்கத்துல மஞ்சளக் கொண்டுபோய் வச்சா ரெண்டும் அடிச்சுக்கும். ஊருல இருக்குறவங்க இதைத்தான் எடுக்காதுன்னு சொல்லிட்டாங்க. எடுக்கத் தெரியலன்னு சொல்லியிருக்கணும்."

கண்டக்டர் தன் உள்ளங்கையைத் தானே ஒரு முறை திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

கடைசிப் பெட்டியின் அடியிலிருந்து ஒன்றை எடுத்தார் அக்கா. மங்கலான வெள்ளி, பளபளப்பே இல்லை. நடுவில் ஒற்றைக் கல், சிவப்பு என்று சொல்ல முடியாத அளவுக்கு ஆழ்ந்த சிவப்பு. அதே கல்லில் சின்னத் தோடு. மாட்டிவிட்டு இரண்டடி பின்னால் வந்து நின்றார். நான் பார்த்தேன். நகை எப்படி இருந்தது என்று இன்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. கண்டக்டருடைய புருவம் அவ்வளவு அழகாக வளைந்திருப்பதை மூன்று வருடத்தில் அன்றுதான் பார்த்தேன்.

ஆனால் என் கருத்துக்கு அங்கே மதிப்பில்லை. நான் கவனித்துப் பார்த்தவன். அக்காவின் பரீட்சைக்குக் கவனிக்காத ஆள் வேண்டும். நாங்கள் மூவரும் காத்திருந்தோம்.

படியில் செருப்புச் சத்தம். பெயின்டர், கறையே இல்லாத சட்டையில், யாரோ போல மேலே வந்தார். "நேரமாச்சு, அங்க மாப்பிள்ளை வந்து நின்னுட்டு..." என்று ஆரம்பித்தவர் தங்கையைப் பார்த்தார். நகையைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தார். சொல்ல வந்ததை விட்டுவிட்டார்.

"என்ன பாப்பா," என்றார், "ராத்திரி நல்லா தூங்கினியா?"

"ஒரு நிமிஷம்கூடத் தூங்கலண்ணா" என்றார் கண்டக்டர்.

அக்கா தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். தங்கத்தாளையும் வெள்ளித்தாளையும் மடியில் வைத்து, சுருக்கம் போக நீவிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை. நிமிர்ந்தபோது அவர் கண் என் மணிக்கட்டில் வந்து நின்றது.

"தம்பி," என்றார், "அந்தப் பிரவுன் பட்டையக் கழட்டு."